பிளேட்டில் அடங்காத வெற்றிலை

பினாங்கில் நான் சோறு தின்னும் சீனன் கடையில் தினமும் அந்திக்கு முன்னால் என் குரல் பேசுகிறது. என் வாயில் கவளம் இருக்கும், அப்போதும் பேசுகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நம் ஆட்கள் அங்கே நிறைய வருவதால், அவர்களைப் பிடித்து உட்கார்த்திவைக்க அவன் ஒரு கிராமபோன் பெட்டியும் நாலைந்து தமிழ்ப் பிளேட்டும் வாங்கி வைத்திருக்கிறான். அதில் ஒன்று நான் பேசிய விகடப் பிளேட். ஆட்கள் சிரிக்கும் இடத்தில் சீனனும் சிரிப்பான். ஒரு சொல்கூட அவனுக்குப் புரியாது. ஒரு நாள் பெட்டியின் புனலைக் காட்டி, பிறகு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, அது நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் முகம் வாடி உள்ளே போய், நெஞ்சுவலிக்கென்று இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப்போல் கடல் தாண்டியவர்களுக்கும் அந்தப் பிளேட்டின் கதையைச் சொல்கிறேன். நான் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன். பாடத்தைவிட, உபாத்தியாயர் தொண்டையைச் செருமும் விதம்தான் மனசில் நின்றது. நாடகக் கம்பெனியில் சேர்ந்து பபூன் வேஷம் கட்டினேன். திரை தூக்கத் தாமதமானால் தனியாக மேடையில் நின்று, பல குரல் பேசி ஜனங்களைச் சமாளிப்பது என் வேலை. உவரி மீன்காரி, மேலப்பாளையத்துத் தறிக்காரர், கோயில் குருக்கள் எல்லாரும் என் தொண்டையில் இருந்தார்கள். அதிகம் எடுபட்டது கல்லிடைக்குறிச்சி அம்பலவாணம் பிள்ளையின் குளியல். அவர் என் தங்கை கோமதியின் மாமனார். வயல்காரர். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடி நின்று, ஒரே மூச்சில் சுவாமியையும் வேலைக்காரன் மாடனையும் கூப்பிடுவார். "சிவசிவா... ஏலே மாடா, எருமை வாழையில வாய வைக்குது பாருலே... சிற்றம்பலவா... பைய ஓட்டுலே, அது சினை மாடு... என்னப்பனே... வீட்டுல ரசத்தை இறக்கச் சொல்லு, கொதிச்சிரப் போவுது!"

எங்கள் பக்கத்துப் பபூன்களுக்கு ஒரு முறை உண்டு. பேர் சொல்லிக் கேலி செய்தால் அந்த ஆள் முன்வரிசையில் இருக்க வேண்டும். கேலி முடிந்ததும் பபூன் மேடையைவிட்டு இறங்கி, அவர் முன்னால் துண்டை ஏந்திக் குற்றம் பொறுக்கச் சொல்ல வேண்டும். அவர் நாலு வசவு வைது வெற்றிலை கொடுப்பார். அதை வாங்கி மென்றால் சொன்ன சொல் அதோடு செத்தது. மறுநாள் தெருவில் எவனும் அதை எடுத்துப் பேசக்கூடாது. அம்பலவாணம் பிள்ளை கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவர். "வாயில புழு வைக்கும்லே ஒனக்கு. இந்தா, போட்டுக்கோ" என்று கொடுப்பார். மறுநாள் காலையில் ஆற்றில் நின்று வழக்கம்போலக் கத்துவார்.

கம்பெனியோடு பினாங்கு வந்தேன். இங்கே வந்ததும் கம்பெனி கலைந்தது, நான் தங்கிவிட்டேன். அப்போது ஒரு ஹோட்டல் அறையில் பிளேட் பிடிக்க ஒரு ஜெர்மன் துரை வந்திருந்தான். சன்னலெல்லாம் கம்பளி தொங்கவிட்டு அறையை அடுப்பாக்கி வைத்திருந்தான். சுவரிலிருந்து நீட்டியிருந்த புனலுக்குள் முகத்தை வைத்துக் கத்த வேண்டும். மேடைப் பழக்கத்தில், ஜனங்கள் சிரித்து முடிக்கட்டும் என்று ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு நிறுத்தினேன். சிரிக்க அங்கே யாரும் இல்லை. "என்னய்யா, மறந்துபோச்சா?" என்று கேட்டான் துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷ். குரலைப் பதியும் மெழுகுத் தட்டு வீணாயிற்று என்று துரை முறைத்தான். இரண்டாம் தடவை நிறுத்தாமல் பேசினேன். பிள்ளையின் பேரையும் ஊரையும் சொல்லித் தொடங்கி, குளியல் முழுக்க வந்துவிட்டது. குற்றம் பொறுக்கச் சொல்லும் இடத்துக்கு வருமுன் துரை கையை உயர்த்திவிட்டான். மூன்று நிமிஷம்தானாம். இன்னும் வெற்றிலை வாங்கவில்லையே என்றேன். துபாஷ் அதை எப்படிச் சொன்னானோ, துரை சட்டைப் பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து நீட்டினான். வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். இன்னொரு தடவை பேசுகிறேன் என்று கேட்டிருக்கலாம். வேர்த்துக் கொட்டியது, பசித்தது; கேட்கவில்லை.

இந்த ஊரில் அம்பலவாணம் பிள்ளை வெறும் சிரிப்பு. கேட்பவன் சிரித்துவிட்டு மூட்டை தூக்கப் போய்விடுவான். கல்லிடைக்குறிச்சியில் அவர் தெருவில் நடந்துபோகிற ஆள். ஒன்றரை வருஷம் கழித்து, எழுதத் தெரிந்த யாரையோ பிடித்துக் கோமதி இப்படிக் கடிதம் போட்டிருந்தாள்: பிளேட் சந்தைக்கு வந்துவிட்டது, ஒருவன் பெட்டி வைத்துத் தினமும் போடுகிறான். மாமா ஆற்றில் வாயைத் திறந்தால் கரையில் நிற்பவர்கள் அடுத்த வரியைச் சொல்கிறார்கள். அவர் ஆற்றுக்குப் போவதையே விட்டுவிட்டார். கிணற்றடியில் வாய் திறக்காமல் குளிக்கிறார். உன் கூடப்பிறந்தவள் என்று என் கையால் சோறு வாங்குவதில்லை. என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது. பிறந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அண்ணே?

கப்பலில் திறந்த மேல்தளத்து மலிவுச் சீட்டு எடுத்து நாகப்பட்டினம் வந்தேன். ஏழு நாளும் வாந்தி. பிறகு ரயில். கல்லிடைக்குறிச்சியில் இறங்கி நேரே வீட்டுக்குப் போனேன். பிள்ளை தொழுவத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். நான் துண்டை ஏந்தினேன்.

"மாமா, குத்தம் பொறுக்கணும். வெத்தலை வாங்க வந்திருக்கேன்."

"எதுக்கு?"

"பேசுனதுக்கு."

"நீ எங்கலே பேசுத? நீ அக்கரையில கெடக்க. தெனமும் பேசுதவன் அந்தப் பொட்டிக்குள்ள இருக்கான். ஒனக்குத் தந்தா அவன் வாயை மூடிருவானா?"

அவர் சொன்னது நியாயம். தொழுவத்து வாசலில் கழுநீர்ப் பானையோடு நின்ற கோமதிதான் பேசினாள். அவரிடம் அவள் வாய் திறந்து பல மாதம் ஆகியிருந்தது.

"அப்போ பொட்டிக்குள்ள இருக்கவனுக்கே வெத்தலை குடுத்துருங்க மாமா. என்னையச் சோறு போட விடுங்க."

பிள்ளை வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு, பெட்டிக்காரனைக் கூட்டிவரச் சந்தைக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலையில் பெட்டிக்காரன் படித்துறைக் கல்லில் பெட்டியை வைத்தான். விஷயம் பரவி, குளிக்க வந்தவர்களோடு குளிக்காதவர்களும் கூடிவிட்டார்கள். பிள்ளை பெட்டிக்கு நேர் எதிரே, முன்வரிசைபோல உட்கார்ந்தார். பிளேட் சுற்றியது. முதலில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எருமை வாழையில் வாய் வைக்கும் இடம் வந்ததும் பிள்ளை சிரித்துவிட்டார். அதன் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. பிளேட் முடிந்து ஊசி கரகரத்தபோது அவர் எழுந்து புனலுக்கு முன்னால் போனார்.

"வாயில புழு வைக்கும்லே ஒனக்கு" என்று சொல்லி, மடியிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்துப் புனலின் வாயில் வைத்தார். பழக்கதோஷத்தில் என் கையும் துண்டை நீட்டியிருந்தது.

"நீரு எதுக்குவே நீட்டுதீரு? நீரு வந்துட்டுப் போற ஆளு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அப்படியே படியிறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கண்ணை மூடினார். "சிவசிவா... ஏலே மாடா..." கரையில் ஒருவன், "பிளேட்டு மாதிரியே பேசுதாரே!" என்று வாயைத் திறந்தான். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஈரத்துண்டால் அவன் முதுகில் ஒன்று வைத்தார். "சும்மா கெடலே. வெத்தலை குடுத்தாச்சு." பெட்டிக்காரன் புனலுக்குள் கையைவிட்டு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி மென்றான்.

மத்தியானம் கோமதி பரிமாறினாள். பிள்ளை இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கினார். எனக்கு அவர் பக்கத்தில் பெரிய தலைவாழை இலை, விருந்தாளிக்குப் போடுவதுபோல. "கப்பலு எப்பம்?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். அப்போது சந்தைப் பக்கமிருந்து பிளேட் பேசத் தொடங்கியது. பிள்ளை சாப்பிடும் கையை நிறுத்தி, எனக்குக் காட்டினார்.

"கேளும், நம்மூர்ப் பய தொடங்கிட்டான்."

நானும் கையை நிறுத்தி, கேட்டேன்.