கூரியர் உறையும் காலிங் பெல்லும்

இருநூறு பிரதிகள் மட்டுமே வெளியான ஓர் இசைத்தட்டு எனக்குக் கூரியரில் வந்தது. பிரித்த கையோடு, அட்டையிலிருந்த வரிசை எண் தெரியும்படி படமெடுத்து, சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வாங்கி நான்கு மடங்கு விலைக்கு விற்பவர்களும் அந்தக் குழுவில் உண்டு. ஒருவன் உடனே விலை கேட்டான். தர முடியாது என்று எழுதிவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியிலுள்ள அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

மதியம் அல்சூர் வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, வாசல்ல ஒரு ஆளு நிக்கிறான். ரெக்கார்டைக் குடுத்தனுப்பச் சொன்னீங்களாம். உங்க பேரு, ஃப்ளாட் நம்பர் எல்லாம் சரியா சொல்றான்."

படத்தைத் திறந்து பார்த்தேன். தட்டுக்குப் பக்கத்திலேயே கூரியர் உறை, முழு முகவரியோடு.

"கதவைத் திறக்காதே!"

"நான் ஏன் திறக்கறேன்? 'என்னையே அதைத் தொட விடமாட்டாரு, உன்கிட்ட குடுக்கச் சொல்வாரா?'ன்னு அவன்கிட்ட கேட்டேன். போக மாட்டேங்கிறான், பெல்லை அடிச்சுக்கிட்டே இருக்கான்."

செக்யூரிட்டி மேலே போவதற்குள் அவன் போய்விட்டான். யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது உறையைக் கிழித்துப் போட்டபின்தான் தட்டையே வெளியே எடுக்கிறேன், படம் போடுவதில்லை. தட்டைச் சுழலவிடுவது மனைவிதான். பெல் அடித்தால் ஊசியைத் தூக்கிவிட்டு, இருவரும் மூச்சுக்கூட விடாமல் நிற்கிறோம்.