பின்னால் கட்டிய கை

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலின் பாரந்தூக்கியை ஓட்டும் விஞ்ச்காரனுக்குக் கை காட்டுகிற வேலை அவருக்கு. மூட்டைகளை இறக்கு, நிறுத்து என்று அவர் மட்டுமே காட்டலாம். மற்ற நேரமெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். முகத்தில் ஈ மொய்த்தாலும் விரட்டமாட்டார். சரியான திமிர் என்றுதான் கிளாக்கரான நான் நினைத்தேன்.

"ஏன் அண்ணை இப்பிடி நிக்கிறியள்?"

"என்ர கை சும்மா ஆடினாலும் மூட்டை இறங்கிவிடும், தம்பி."

ஒருநாள் மனேஜர் அவசரப்பட்டுத் தானே கையசைத்தார். மூட்டைகள் இறங்கின. கப்பலின் அடித்தட்டில் நின்ற தொழிலாளி ஒருவர் நசுங்கிச் செத்தார்.

"நீ ஏன் நிறுத்தச் சொல்லேல்லை?" என்று மனேஜர் இவரிடம் கத்தினார்.

"கையைத் தூக்கினனான், ஐயா. விஞ்ச்காரன் உங்கட கையைத்தான் பார்த்தவன்."

அதைச் சொல்லும்போது கைகள் மறுபடி பின்னால்தான் இருந்தன. ஒரு கை மற்றக் கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்ததை, பின்னால் நின்ற நான் மட்டும் கண்டேன்.