அரைக்கட்டை மேலே

நகல் என்ற பட்டப்பெயர் அவருக்குப் பாட்டால் வந்ததல்ல. பதினெட்டு வயதில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சான்றிதழ், பத்திரம், பரீட்சைக் குறிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடிமேல் தாளை வைத்து மூடியை அமுக்குவதுதான் உத்தியோகம். தாள் ஒரு நூலளவு கோணினாலும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுப்பார். "வாங்கிட்டுப் போறவனே பேசாம போறான், உனக்கு எங்கடா வலிக்குது?" என்று முதலாளி கத்துவார். வலிக்கத்தான் செய்தது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி ஒரு கோளாறு.

அந்தக் கடைக்குப் பாட்டு நோட்டுகளை நகலெடுக்க வந்தவர்தான் பொட்டி. கீபோர்டு வாசிக்கிறவர். அதற்கு முன்னால் ஆர்மோனியம் வாசித்தார், அதனால் பொட்டி. மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே நகல் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். பொட்டி கொடுத்த தாளை மறந்துவிட்டு நின்றார்.

"டேய், இன்னொரு தடவை பாடு."

"எதுண்ணே?"

"இப்ப பாடினியே, அதுதான். அவரு செத்து ரெண்டு வருஷமாச்சுடா. எனக்கு மயிர்க்கூச்செடுக்குது."

அவர் என்றால், ஊரே பைத்தியமாக இருந்த அந்தப் பாடகர். இவர்கள் குழுவுக்குள் அவரைப் பெயர் சொல்ல மாட்டார்கள். இங்கே ஒருவர் நகல் என்றால் அங்கே அவர் அசல், அவ்வளவுதான்.

பொட்டியிடம் ஒரு கேசட் இருந்தது. அசல் கடைசியாக மேடையேறிய கச்சேரியில் பொட்டியின் மாமா ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்து, மடியில் டேப் ரெக்கார்டரை வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடித் திருட்டுத்தனமாகப் பதிந்தது. ஏழு பாட்டு, நடுவே அசலின் பேச்சு, கைதட்டல் எல்லாமாகத் தொண்ணூறு நிமிஷம். மூன்று வாரம் கழித்து அசல் போய்ச் சேர்ந்தார். அந்தக் கச்சேரிக்கு வேறு பதிவு இருப்பதாக யாருக்கும் தெரியாது. மாமாவின் கேசட் கைமாறிக் கைமாறி, பிரதிக்குப் பிரதியாகி, அசலின் ரசிகர்களுக்கு வேதப்புத்தகம் ஆகிவிட்டது.

ஐந்து பேர் சேர்ந்து குழு ஆரம்பித்தார்கள். முதல் கச்சேரி ஒரு துணி மில்லின் கேன்டீன் கூடத்தில், சாப்பாட்டு மேஜைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு. அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றுதான்: கேசட்டில் இருப்பது இருக்கிறபடியே மேடையில் வரவேண்டும். மூன்றாவது பாட்டில் அசல் இருமினார், நகலும் அதே இடத்தில் இருமினார். ஐந்தாவது பாட்டில் அசலுக்கு இரண்டு வரி மறந்துபோய், ம்ம் என்று சமாளித்தார். நகலும் சமாளித்தார். ஆறாவது முடிந்ததும் "தண்ணி குடுங்கப்பா, உங்களுக்குப் பாடிப் பாடி வத்திப்போச்சு" என்று அசல் கேட்பார். நகலும் அப்படியே தண்ணீர் கேட்டதும் கூடமே எழுந்து நின்றது. கேசட்டைக் கரைத்துக் குடித்தவர்கள் அந்த இருமலுக்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இருமி கைதட்டு வாங்கிய மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சங்கதி உண்டு. பாடுகிற சுருதியைக் கட்டை என்பார்கள். கட்டை ஏற ஏறத் தொண்டைக்குப் பாடு அதிகம். அசலின் இசைத்தட்டுகளில் இருந்ததைவிட, இந்தக் கேசட்டில் பாட்டெல்லாம் அரைக்கட்டை மேலே இருந்தது. வேகமும் கொஞ்சம் கூடுதல். முதல் வாரமே பொட்டி கீபோர்டில் விரலை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்தவர் என்ன நினைத்திருக்க வேண்டும்? மிஷினைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பக்தி முற்றின இடத்தில் சந்தேகத்துக்கு ஏது இடம்? "சாகப்போறோம்னு மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்குடா. இருக்கிற உசிரையெல்லாம் போட்டு அரைக்கட்டை ஏத்திப் பாடியிருக்காரு" என்று சொல்லிப் பொட்டி கண்ணைத் துடைத்தார். நகலும் துடைத்தார். மற்றக் குழுக்கள் இசைத்தட்டுச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தபோது இவர்கள் மட்டும் 'அன்று பாடிய அதே சுருதியில்' என்று சுவரொட்டி அடித்தார்கள். ஏழாவது பாட்டின் உச்சியில் அந்த ஒரு இழுப்பு இருக்கிறதே, அங்கே நகலின் கழுத்து நரம்பு கடைசி வரிசைக்குத் தெரியும்.

இப்படியே இருபது வருஷம். பிறகு ஒரு கம்பெனிக்காரர் வந்தார். வெறும் கச்சேரி என்றால் இனிமேல் யாரும் வரமாட்டார்கள், இதை நாடகம்மாதிரி பண்ணலாம் என்றார். திரை வந்தது, விளக்கு வந்தது, எட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். காட்சி எப்படித் தொடங்கும் தெரியுமா? அரங்கம் இருட்டாகும். ஒன்பதாவது வரிசையில் மடியில் துண்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு நடிகர்மேல் மட்டும் வெளிச்சம் விழும். பொட்டியின் மாமாவுக்கு அப்படி ஒரு வாழ்வு! வாரம் நான்கு காட்சி. நகல் ஜெராக்ஸ் கடையை விட்டார். தலை வழுக்கையானதும் டோப்பா வைத்துக்கொண்டார். அசல் போட்டிருந்த காப்பிக்கொட்டை நிறக் கோட்டை, பள்ளிச் சீருடை தைக்கும் அவர் மனைவி ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துத் தைத்துக் கொடுத்தாள். பதினொரு வருஷத்தில் ஆறு கோட்டு.

நாலாவது கோட்டின்போது தொண்டை கட்ட ஆரம்பித்தது. தொண்டை டாக்டர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார்.

"பாட்டை விடச் சொல்லல. சுருதியைக் கொஞ்சம் இறக்குங்க. உங்க தொண்டை இதுக்கு மேல தாங்காது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கெஞ்சினாள்.

"ஏங்க, அரைக்கட்டைதானே? கேக்குறவங்களுக்கு அது தெரியவா போகுது? எனக்காக இறக்கிப் பாடுங்க."

"அவர் இறக்கலையே."

"அவர்தான் மூணு வாரத்துல போய்ட்டாரே! நீங்க எனக்கு வேணுமே!"

நகல் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். நியாயமாகப் பார்த்தால் இந்த விஷயத்தில் பொட்டிமேல் பழி போட முடியாது. பொட்டியே வந்து சொன்னார்: "டேய், இந்தக் கீபோர்டுல ஒரே ஒரு பட்டன்டா. அமுக்கினா மொத்தமா அரைக்கட்டை இறங்கிடும். கிதார்காரனுங்களை நான் பாத்துக்கறேன்." நகல் என்ன சொன்னார் தெரியுமா? "மை மங்கின ஜெராக்ஸை நான் யாருக்கும் குடுத்ததில்லண்ணே." அந்தப் பேச்சைக் குழுவில் எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். எனக்கென்னவோ அதை நினைத்தால் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஒரு பட்டன் சங்கதி! அமுக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, மறுபடி அதே சுருதியில் ஏறினார். இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகு வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. எழுதி அழிக்கிற சின்னப் பலகை ஒன்று வாங்கினார்கள். அதைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் பண்ணினால், போனில் பேசுகிற இடத்தில் விரலால் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் நன்றாக இருக்கிறேன். வேறு எதற்கும் தட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கம்பெனிக்காரர், பாட்டுப் போட்டியில் ஜெயித்த ஒரு புதுப் பாடகரைக் கூட்டி வந்தார். முப்பது வயதிருக்கும், கல்யாணமாகி ஒரு வருஷம். நகல் ஒத்திகைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து, எங்கே இருமவேண்டும், எங்கே மறக்கவேண்டும் என்று கையைக் காட்டுவார். புதுப் பாடகர் ஏழாவது பாட்டின் உச்சியில் திணறும்போதெல்லாம் நகலுக்கு உள்ளூர ஒரு சின்ன சந்தோஷம். அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தப் பெட்டி கிடைத்தது. அசல் கடைசியாகப் பாடிய அரங்கத்தை இடித்தார்கள். ஒலி அறையின் அலமாரிக்குப் பின்னால் தட்டையாக ஓர் அட்டைப் பெட்டி, உள்ளே பெரிய வட்டில் சுற்றிய ஒலிநாடா. அரங்கத்துக்காரர்களே மின்சார மிஷினில் பதிந்து வைத்து மறந்துபோனது. பெட்டிமேல் தேதி இருந்தது. அதே தேதி. கீழே, தொண்ணூற்றைந்தரை நிமிஷம் என்று பேனாவால் எழுதியிருந்தது.

பொட்டி அறுபத்தெட்டு வயதில் குதித்தார். "அஞ்சரை நிமிஷம் கூட இருக்குடா! எட்டாவது பாட்டு! மாமா கேசட்டு தீந்துபோச்சுன்னு எழுந்து போயிருக்காரு, அதுக்கப்புறம் இவரு பாடியிருக்காரு!"

அந்த வட்டை ஓட்டும் மிஷினைக் கொண்டுவர நான்கு நாளானது. நகலுக்கு அந்த நான்கு நாள்தான் அந்த வருஷத்தில் நல்ல நாள். ஒரு வருஷம் பேசாமலிருந்தால் மெல்லப் பாடுகிற அளவுக்குக் குரல் திரும்பலாம் என்று டாக்டர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து அசல் ஓய்ந்துபோய்ப் பாடிய பாட்டாக இருந்தால் அது மெதுவாகத்தான் இருக்கும், கீழேதான் இருக்கும். யாரும் நகலெடுக்காத பாட்டு. அதை எடுக்க அவர் ஒருவரால்தான் முடியும். பலகையில் எழுதி மனைவியிடம் காட்டினார்: 'எனக்காக ஒண்ணு விட்டு வச்சிருக்கார்.' அவள் சிரித்தாள். அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

காலை பத்து மணிக்கு ஒத்திகை அறையில் எல்லோரும் கூடினார்கள். ஒலிக்காரருக்கு வயர் என்று பேர். வயர் வட்டை மாட்டிச் சுழலவிட்டார். முதல் பாட்டு ஆரம்பித்தது. நகலின் கால் தாளம் போட எழுந்து, தப்பான இடத்தில் விழுந்தது. பாட்டு மெதுவாக இருந்தது. கீழே இருந்தது. மிஷினில் கோளாறு என்று நகல் வயரைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். வயர் உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவது பாட்டில் இருமல் வந்தது. ஐந்தாவதில் மறதி வந்தது. "தண்ணி குடுங்கப்பா" வந்தது. முப்பத்தொரு வருஷமாக இவர்கள் கேட்டது கொஞ்சம் கிறீச்சென்ற குரல். இதுவோ நிதானமான, மார்பிலிருந்து வருகிற ஒரு மனிதனின் குரல். ஏழாவது பாட்டின் உச்சிக்கு அசல் அலட்டிக்கொள்ளாமல் ஏறி, கொஞ்ச நேரம் நின்று, இறங்கி வந்தார். பிறகு கைதட்டல். பிறகு நாடா முடிந்து வட்டு சும்மா சுற்றியது. எட்டாவது பாட்டு என்று ஒன்று இல்லை.

"அண்ணே, இசைத்தட்டோட வச்சுப் பாத்தேன், கச்சிதமா பொருந்துது. இதுதான் சரியான சுருதி. உங்க மாமா பதிஞ்சாரே, அந்த மிஷின் மெதுவா ஓடியிருக்கு. பேட்டரி தீர்ற நிலைமையில இருந்திருக்கும். மெதுவா பதிஞ்சதைச் சரியான வேகத்துல போட்டா, வேகமாவும் மேலயும்தான் கேக்கும். தொண்ணூத்தஞ்சரை நிமிஷக் கச்சேரி கேசட்டுல தொண்ணூறா சுருங்கிடுச்சு, அந்த அஞ்சரை நிமிஷம் அதுதான்" என்றார் வயர்.

பொட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மாமா டார்ச் லைட்டுல போட்டுத் தேஞ்ச பேட்டரியை எடுத்து ரேடியோவுல போடுவாரு. எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன்" என்றார். யாரோ சிரிக்க ஆரம்பித்து, நகல் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கம்பெனிக்காரருக்கு மட்டும் உற்சாகம் தாங்கவில்லை. 'கிடைத்துவிட்டது நிஜச் சுருதி' என்று அடுத்த சுவரொட்டி என்றார். பொட்டி கீபோர்டில் அந்தப் பட்டனை அமுக்கினார். ஒரு சின்ன டிக். புதுப் பாடகர் எழுந்து நின்று ஏழாவது பாட்டின் உச்சியைத் தொட்டார். வியர்க்காமல் தொட்டார். "அட, இது சுளுவா இருக்கே!" என்று சந்தோஷமாகச் சொன்னார். பாவம், அவர் மனதில் விகற்பம் எதுவும் கிடையாது.

நகல் ஒத்திகை அறையின் பின்பக்கம், கோட்டுகள் தொங்குகிற இடத்துக்குப் போனார். வாயைத் திறந்து அந்த உச்சியை, அரைக்கட்டை கீழே, முயற்சி பண்ணிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. அசல் ஏறாத படியில் ஏறி இவர் விழுந்திருக்கிறார். யாரும் பாடாத ஒன்றை நகலெடுக்கத் தொண்டையைக் கொடுத்திருக்கிறார். கோட்டு ஒன்றின் கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். சத்தமில்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மனைவி புதுப் பாடகருக்கான கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு இருந்துச்சா?"

இல்லை என்று கையை ஆட்டினார்.

"ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, ஊசியை உதட்டில் இடுக்கிக்கொண்டு நூலை இழுத்தாள். பிறகு ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள். "சரி, அதை விடுங்க. அந்த மனுஷன் நிஜமாவே அவ்வளவு மேலதான் பாடியிருக்காரா? எனக்கு ரொம்ப நாளா மனசுல ஒரு அரிப்பு."

நகல் பலகையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுதிக் காட்டினார்: 'ஆமா. அதே சுருதி.'

அவள் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். வீம்புக்காரர்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்! மன்னிச்சுக்கோங்க." கோட்டை உதறி மடித்து வைத்தாள். "அந்தப் புதுசா வந்திருக்காரே, அவருக்காவது எழுதிக் காட்டுங்க. அரைக்கட்டை இறக்கிக்கச் சொல்லுங்க. அவர் வீட்லயும் ஒருத்தி இருக்காளே."

நகல் தலையாட்டினார். சட்டை நுனியால் பலகையைத் துடைத்தார்.