தொடர்கதையைத் துளைத்த குண்டு

நேற்றைய மழையில் வாசலில் கிடந்த செய்தித்தாள் ஊறிப்போய்விட்டது. பிழிந்து கொடியில் போடப் போனேன். ஈரக் காகித வாடை மூக்கில் ஏறியதும், உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

எழுபதுகளின் தொடக்கம். மியூனிக்கில் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. நகரத்தை ஒட்டிய கிராமத்தில் மதுரைக்கார ரஹீமும் நானும் ஒரே அறை. வீட்டுக்கார அம்மாள் ஹில்டா, ஊர் வேட்டைக் குழுவில் ஒரே பெண். நானோ, பக்கத்து வீட்டில் கறி கொதித்தால் ஜன்னலைச் சாத்துகிற குடும்பத்தில் பிறந்தவன்.

முந்தைய குளிர்காலத்தில் ஹில்டா சுட்ட காட்டுப்பன்றி விழவில்லை. லேசான, வேகமான குண்டு. தடித்த தோளில் பட்டுச் சிதறிவிட்டது. காயத்தோடு ஓடியதை நாய் விட்டுத் தேடிக் கண்டுபிடிக்க மறுநாளாகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் குழுவில் இடமில்லை என்று ஆண்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மிருகம் இரவெல்லாம் பட்ட வலிதான் ஹில்டாவை அதைவிட உறுத்தியது.

"நீ உலோகம் படிச்சவன்தானே? எந்தக் குண்டுன்னு நீ சொல்லு." அவர் ஜெர்மனில் கேட்டது என் ஞாபகத்தில் இப்படித்தான் இருக்கிறது.

கடையிலிருந்த ரகங்களையெல்லாம் வாங்கிவந்தார். மருந்தில்லாத வெறும் குண்டுகளை நெடுக்கில் அறுத்துப் பார்த்தேன். ஒரு கனமான குண்டில் ஈயத்தைச் சுற்றிய செம்பு உறை முனையில் மெல்லியது, அடியில் தடிமன். முன்பக்கம் விரியும், பின்பக்கம் உடையாது. இதுதான் என்றேன், பெரிய வேட்டைக்காரன் மாதிரி.

சுட்டுப் பார்க்க வேண்டுமே! சதைக்குப் பதில் ஈரக் காகிதக் கட்டு. ஹில்டா வீட்டுப் பழைய காகிதமெல்லாம் அடுப்புக்குப் போயிருந்தது. மிச்சம், அம்மா கப்பல் தபாலில் அனுப்பிய தமிழ் வாரப் பத்திரிகைகள். அரிசி ஊறப்போடுவதுபோலக் குளியல் தொட்டியில் போட்டேன்.

"டேய், தொடர்கதை லாஸ்ட் சேப்டர் நான் இன்னும் படிக்கலடா!" என்று ரஹீம் அலறினான்.

சுடுதளத்தில் பழைய குண்டு சமையல் குறிப்பைத் தாண்டவில்லை, தூள்தூள். கனமான குண்டோ சினிமா, அரசியல், ஜோசியம் எல்லாம் கடந்து தொடர்கதைக்குள் போய் நின்றது, மூக்கு விரிந்து, உடம்பு முழுசாக. கனத்தால் குண்டு குறிக்குக் கீழே படுகிறது என்று ஹில்டா துப்பாக்கியின் தொலைநோக்கியைத் திருத்திக்கொண்டார்.

நவம்பரில் மரமேடையில் அவர் பக்கத்தில் குரங்குக் குல்லாவோடு உட்கார்ந்திருந்தேன். பன்றி வந்தது. ஒரே வெடி. நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

வழக்கப்படி அதன் வாயில் கடைசிக் கவளமாக ஒரு ஃபிர் மரக் கொத்தை வைத்தார்கள். குழுத்தலைவர் இன்னொரு கொத்தைத் தன் தொப்பிமேல் ஏந்தி ஹில்டாவிடம் நீட்டினார். ஹில்டா அதில் பாதியை ஒடித்தார். அடிபட்டு ஓடிய மிருகத்தை நாய் விட்டுத் தேடிக் கொடுத்தவருக்குத்தான் வழக்கமாக அந்தப் பாதி போகும். அன்று நாய்க்கு வேலையில்லை; அதை என் குரங்குக் குல்லாவில் செருகினார்.

"குண்டை எடுத்துக் கொடுத்தது இவன்தான்."

முந்தைய வருஷம் முறைத்த அதே ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமை இல்லை.

ஹில்டா போய்விட்டார். அந்தக் காடுகளில் பல இடங்களில் ஈயக் குண்டுக்கே இப்போது தடையாம். பத்திரிகையும் நின்றுபோய் வெகுகாலம் ஆயிற்று. ரஹீம் மட்டும், சாகும்வரை, போனில் கேட்டுக்கொண்டே இருந்தான்: "கடைசில அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சாடா?"

எனக்கெப்படித் தெரியும்? கல்யாணம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டைதான் இருந்தது. அவ்வளவு அழகான ஓட்டையை நான் பிறகு பார்க்கவே இல்லை.