வளர்ச்சிக்கு நாலு விரல்

இதில் நானாகச் சேர்த்தது ஒரு வரிகூட இல்லை. பின்னும்போது எத்தனை வரிசை முடிந்தது என்று தேதியும் நேரமும் போட்டு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சந்தேகப்படுகிறவர்கள் தியோகுக்கு வந்தால் காட்டுகிறேன்.

1999 டிசம்பர் 28, செவ்வாய்க்கிழமை. என் கணவர் லோகிந்தருக்கு மாற்றலாகி தியோக் என்ற இந்த மலையூருக்கு வந்து இறங்கினோம். சாலைக்குக் கீழே சரிவில் கட்டிய வீடு. மேல் தளத்தில் வீட்டுக்காரி சௌஹான் அக்கா தனியாக இருந்தார். கீழே எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். பின்னறைக் கதவைத் திறந்தால் சரிவில் ஓர் ஒற்றையடிப் பாதை. பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே நான் நூலைப் பிரித்துவிட்டேன். எங்கள் மகள் பாருலுக்கு ஆறு வயது. குளிர்கால விடுமுறை முடிந்து பிப்ரவரி 16 பள்ளி திறக்கும்போது அவளுக்குக் கருஞ்சிவப்பில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். பிள்ளைகளுக்குப் பின்னும்போது எங்கள் பக்கத்தில் யாரும் சரியான அளவில் பின்ன மாட்டார்கள். உடம்பில் நாலு விரல், கையில் நாலு விரல் கூடுதலாக விடுவோம். அடுத்த குளிருக்கும் பிள்ளை அதையே போட வேண்டும், அதற்குள் வளர்ந்திருக்க வேண்டும். அதனால் கைப்பட்டியை மடித்துவிட்டுத்தான் பள்ளிக்கு அனுப்புவோம்.

என்னிடம் எப்போதும் இரண்டு வேலை இருக்கும். எண்ணத் தேவையில்லாத மஃப்ளர் என்னோடு வெளியே வரும். எண்ண வேண்டிய ஸ்வெட்டர் வீட்டிலேயே, பின்னறை ஜன்னலோரம் இருக்கும். பாருலைத் தூங்க வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு, மதியம் இரண்டரைக்கு மொட்டைமாடி வெயிலுக்குப் போவேன். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். பேச்சு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். ஒருத்தி டீ குடிக்க ஊசியைக் கீழே வைத்தால் பக்கத்தில் இருப்பவள் எடுத்து நாலு வரிசை போட்டுக் கொடுப்பாள். யாரும் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் யார் கை என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்.

அந்த மாடியில் ஊசி இல்லாத கை ஒன்றே ஒன்றுதான். சௌஹான் அக்காவுடையது. எனக்கு அது முதல் நாளே உறுத்தியது.

ஜனவரி 5, புதன். 52 வரிசை முடித்து வைத்துவிட்டு மேலே போனேன். 4.15க்கு வந்து எண்ணினேன். 58.

நான்தான் தப்பாகக் குறித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். நான் ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அப்படியே நகர்த்திவிடுவேன், ஓரம் சங்கிலி போல வழவழப்பாக வரும். கடைசி ஆறு வரிசையின் ஓரத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள். கண்ணிகளும் இறுக்கம். ஊசி நுனி நுழைய மறுத்தது.

இந்த வீட்டுக்கு இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது? மேலே.

மறுநாள் மாடியில் சாடையாகக் கேட்டேன். யாரோ உதவி செய்திருக்கிறார்கள், யார் என்று தெரிந்தால் நன்றி சொல்லலாம் என்றேன். பெண்கள் சிரித்தார்கள். புதுசா வந்தவளுக்கு அதற்குள் வேலைக்காரியும் கிடைத்துவிட்டாளா, எங்களுக்கும் அனுப்பு என்றாள் ஒருத்தி. சௌஹான் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்குப் பின்னத் தெரியும். தொடுறதில்ல, அவ்வளவுதான்," என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

என் சந்தேகம் உறுதியானது.

அன்றைக்கும் நாலு வரிசை கூடியிருந்தது. லோகிந்தரிடம் சொன்னேன். "பாதி வேலை மிச்சம்னு சந்தோஷப்படாம போலீஸ் வேலை பாக்குற," என்றார். எட்டாம் தேதி கடைத்தெருவில் புதுப் பூட்டு வாங்கினேன். இரண்டு சாவியும் என் கழுத்துச் சங்கிலியில். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. எப்படி, பிடித்துவிட்டேன் பார்த்தீர்களா என்று அவரிடம் சொல்லிக்கூடக் காட்டினேன்.

ஜனவரி 11, செவ்வாய். 80 வரிசை முடிந்திருந்தது. 84க்கு வந்ததும் கைக்காகக் கண்ணி குறைக்க வேண்டும். 4.05க்குத் திரும்பி வந்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. பின்கதவுத் தாழ்ப்பாளும் போட்டபடியே.

கைக்குக் குறைத்த இடம் வரை எண்ணினேன். 66.

14 வரிசையைப் பிரித்திருந்தார்கள். பிரித்த நூல் ஒழுங்காக உருண்டையில் சுற்றியிருந்தது. 66லேயே இரண்டு பக்கமும் கைக்குக் குறைத்திருந்தார்கள். மேற்கொண்டு எட்டு வரிசையும் போட்டிருந்தார்கள். ஓரம் முழுக்க முடிச்சு.

பாருலைக் கூப்பிட்டு முதுகில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. இன்றைய உடம்புக்கு, இம்மி கூடாமல் குறையாமல். வளர்ச்சிக்கு விட்ட நாலு விரல் போய்விட்டது.

என் பெண் இதற்கு மேல் வளரப் போவதில்லை என்று யாரோ முடிவு செய்தது போல...

"அந்த அத்தையும் இப்படித்தான் வச்சுப் பாத்தாங்க," என்றாள் பாருல்.

"எந்த அத்தை?"

"மத்தியானம் நான் தூங்குறப்போ வருவாங்கல்ல. விரலால அளப்பாங்க. கை ஜில்லுனு இருக்கும்."

"மேல் வீட்டுப் பெரியம்மாவா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். குழந்தை அரைத் தூக்கத்தில் ஆளை மாற்றிச் சொல்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. அன்றிரவே அவ்வளவையும் பிரித்தேன். 84 வரை மீண்டும் பின்னிவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் மதியம், மறுபடியும் 66. அன்று மாலை பாருலுக்கு உடம்பு சுட்டது.

இனி விட்டால் என் பிள்ளை எனக்கில்லை என்று தோன்றிவிட்டது. மறுநாள் இரவு காய்ச்சல் தணிந்தது. அதுவரை நான் வீட்டை விட்டு நகரவில்லை. கையோடு பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

ஜனவரி 14, வெள்ளி. காலையிலிருந்து பனி. மாடிக்கு யாரும் வரவில்லை. மின்சாரமும் இல்லை. பாருலைச் சௌஹான் அக்காவிடம் விட்டுவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். போகவில்லை. முன்கதவை உள்ளிருந்தே தாழிட்டு, பின்கதவுத் தாழ்ப்பாளை மட்டும் எடுத்துவிட்டு, சமையலறையில் விளக்கில்லாமல் உட்கார்ந்தேன்.

3.10. ஒன்றுமில்லை.

3.25. தலைக்கு மேலே மரத்தளம் கிரீச்சிட்டது. சௌஹான் அக்கா நடக்கிறார். இதோ இறங்கி வரப் போகிறார் என்று காத்திருந்தேன்.

3.32. பின்னறையில்...

டிக்... டிக்... டிக்...

ஊசியோடு ஊசி உரசும் சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா அது? வேகமான கை. இடையில் நிற்கும். நூலை இழுக்கும். மறுபடியும்... டிக்... டிக்...

வந்துவிட்டாள், பிடித்துவிட்டேன் என்று எழுந்தேன்.

அப்போது மேலேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. சௌஹான் அக்கா பாருலுக்கு ஏதோ கதை சொல்கிறார். பாருல் சிரிக்கிறாள்.

இருவரும் மேலே.

நான் கீழே.

டிக்... டிக்...

கதவைத் தள்ளினேன். சத்தம் நின்றது. அறையில் யாருமில்லை. ஜன்னலுக்கு வெளியே பின்பாதைப் பனியில் ஒரு காலடிகூட இல்லை.

நூலுருண்டை மட்டும் தரையில் மெதுவாக உருண்டு வந்து...

என் காலில் முட்டி நின்றது.

அன்று மாலையே பாருலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். ஒரு வாரம் லோகிந்தரின் நண்பர் வீட்டில் இருந்தோம். 21ஆம் தேதி மேல் பஜாரில் வேறு வீடு கிடைத்தது. ஸ்வெட்டரை அங்கே முடித்தேன். யாரும் தொடவில்லை. எனக்கோ ஒரு வீம்பு. உடம்பில் ஆறு விரல் விட்டேன். கைகளைத் தோளிலிருந்து கீழாகப் பின்னி, விரல் நுனியே தெரியாத நீளத்துக்குக் கொண்டுவந்தேன். வளர்வாள், யார் என்ன செய்வார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் பின்னினேன். பாருல் அதை மூன்று மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

மார்ச் 4, சனிக்கிழமை. பழைய வீட்டில் விட்டுப்போன ஒரு பெட்டியை எடுக்கப் போனேன். பாருலை வாசலில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு கிரணிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

சௌஹான் அக்கா டீ கொடுத்தார். பிறகு அவராகவே சொன்னார்.

எங்களுக்கு முன் அங்கே புஷ்பலதா என்று ஒரு தையல் டீச்சர் குடியிருந்தாளாம். அவளுக்கும் ஒரே பெண், ஆறு வயது. அவளும் எல்லோரையும் போல வளர்ச்சிக்கு விட்டுத்தான் பின்னினாளாம். ஒரு மதியம் குழந்தை தூங்குகிறது என்று மாடி வெயிலுக்கு வந்திருக்கிறாள். குழந்தை எழுந்து, அறை நடுவே குளிர்காய வைத்திருக்கும் இரும்பு அடுப்பின் மேல் கை நீட்டியிருக்கிறது. மடித்து விட்ட கைப்பட்டி அவிழ்ந்து தொங்கியிருக்கிறது. நூலில் நைலான் கலப்பு. பற்றியதும்...

"மூணு மணிக்கே எழுந்தா, பாப்பா தனியா இருக்குன்னு," என்றார் அக்கா. "நான்தான் இன்னும் ஒரு வரிசை போட்டுட்டுப் போயேன்னு கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். அடுத்த மாசம் அவளும் போயிட்டா. எப்படின்னு கேக்காத."

நான் கேட்கவில்லை. பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். எங்கள் புது வீட்டிலும் அறை நடுவே அடுப்பு. கிளம்பும்போதுதான் நிறைய விறகு போட்டிருந்தேன். பாருல் உடம்பில் அந்த ஸ்வெட்டர்.

5.20க்கு வீட்டை அடைந்தேன். வாசலில் கிரண் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி உள்ளே பாய்ந்தேன்.

பாருல் அடுப்பின் மேல் கையை நீட்டி, தட்டில் வறுபட்ட கடலையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. மடிப்பு இல்லை. நான் பின்னிய நீளம் இல்லை. இம்மி கூடாமல், குறையாமல்.

அவளை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கிரண்தான் பேசினாள்.

"வந்திருக்கிறது உங்க நாத்தனாரா அக்கா? ரொம்ப அமைதி. வந்ததுலேருந்து பாருல் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னிக்கிட்டே இருந்தாங்க. டீ வேணுமான்னு கேட்டேன், நிமிரவே இல்ல."

"எப்போ போனாங்க?"

கிரண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"போகலையே. நான் வாசலை விட்டு எழுந்திரிக்கவே இல்லையே..."