கழுகுக்கு ஆளுக்கொரு சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் சீட்டு இறங்கும். ரம்மி இல்லை. அழிந்துகொண்டிருக்கும் மிருகங்களையும் பறவைகளையும் காப்பாற்றுகிற சீட்டாட்டம், மகள் வாங்கி வந்தது. குளிர்காலமென்றால் மொட்டை மாடி வெயிலில் பாய் போட்டு, வேர்க்கடலை உரித்துக்கொண்டே ஆடுவோம். மகள், பஞ்சாபி மருமகன், என் நாத்தனார், நான். நாத்தனார், தன் புருஷன் இறந்த பிறகு அண்ணன் வீடென்று வந்தவள். அந்த அண்ணனும் போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள்.

சீட்டில் எல்லாம் இங்கிலீஷ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், படம் பார்த்து ஆடுவேன். நடுவில் மிருகச் சீட்டுகள் திறந்து கிடக்கும். கையில் காடு, தண்ணீர், இரை, வைத்தியர். புலிக்கு வேண்டியதைச் சேர்த்துப் போட்டால் புலி பிழைக்கும். சீட்டுக் கட்டிலிருந்து வேட்டைக்காரன் வந்துவிட்டால் நடுவில் உள்ள ஒன்று போய்விடும். ஒருவர் ஜெயித்து இன்னொருவர் தோற்பது இதில் கிடையாது. ஜெயித்தால் எல்லோரும் ஜெயிக்க வேண்டும். என்னைப் போல் கூச்சப்படுகிறவளுக்கு அதுவே பெரிய நிம்மதி.

முதல் நாளே கழுகு வந்தது. வழுக்கைத் தலை, கூனிய கழுத்து.

"இது ஒரு ஆளால முடியாதும்மா. நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போட்டாத்தான் பொழைக்கும்" என்றாள் மகள். பின்பக்கம் எழுதியிருந்ததையும் படித்துச் சொன்னாள். மாட்டுக்குப் போட்ட வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றுவிட்டதாம்.

நாத்தனார் எழுந்தேவிட்டாள். "ஏட்டி, பொணந்தின்னிய வீட்டுக்குக் கொண்டாந்துட்டு, அதப் பொழைக்க வேற வைக்கணும்னு சொல்லுதியா? தூரப் போடு."

"அத்தை, இது வெறும் படம்."

"படத்துக்குத்தாம்ளா பூசையறையில வெளக்கு ஏத்துதோம்!"

மகள் சிரித்துக்கொண்டே கழுகை எடுத்து டப்பா மூடிக்குள் வைத்தாள். அன்றிலிருந்து அது இல்லாமலே ஆடினோம். எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டோம் என்று கை தட்டினோம். ராசியில்லை என்று ஒரு பறவையை மட்டும் சாக விட்டு இந்த ஆட்டம் ஆடிய குடும்பம் வேறெங்காவது இருக்குமா, தெரியாது.

எனக்கு அந்தச் சீட்டு வேண்டியிருந்தது. கேட்க வாய் வரவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் இதே டெல்லி கரோல் பாக்கில் ஒரு மொட்டை மாடி அறையில் இருந்தோம். அவர் காலையில் ஆபீஸ் போனால் சாயங்காலம்தான் வருவார். எனக்கு ஹிந்தி வராது. பால்காரரிடம்கூட விரலைக் காட்டித்தான் பேச்சு. எதிரே ஒரு இலவ மரம், அதில் கழுகுகள். வெயில் ஏறியதும் நனைந்த குடையை உலர்த்துவதுபோல் சிறகை விரித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். முதலில் பயந்தேன். பிறகு, நான் அரிசியில் கல் பொறுக்கும்போது அவை அங்கே இருப்பதே துணையாகிவிட்டது. அவை வராத நாளில் பகல் நகராது. இதை அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் படியேறும்போதே கேட்பார்: "என்ன, ஒன் கூட்டாளிங்க வந்துச்சா?"

எப்போது அவை நின்றுபோயின என்று சொல்லத் தெரியவில்லை. குழந்தை, பள்ளிக்கூடம், ரேஷன் வரிசை என்று ஓடி, நிமிர்ந்து பார்த்தபோது மரம் வெறுமனே நின்றது. அப்போதும் அவர் கேட்பதை விடவில்லை. "வரல" என்பேன். "நாளைக்கு வரும்" என்பார்.

இப்போது அவர் இல்லை. மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்க ஆள் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் யாரும் இல்லை.

போன குளிர்காலத்தில் மருமகனுக்குப் புனேக்கு மாற்றலாயிற்று. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, மகள் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். கழுகுக்கு நாலு பேர் வேண்டும். இனி எப்போது நாலு பேராக உட்காருவோமோ என்று நினைத்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அதையும் போடு."

"எதம்மா?"

"கழுகு."

நாத்தனார் மடியிலிருந்த கடலைத் தோலை உதறினாள். "ஊருக்குக் கெளம்புத புள்ளைய முன்னால வச்சிக்கிட்டு என்ன பேச்சு மதினி இது?"

"ஒங்க அண்ணன் தெனமும் கேப்பாவ, அது வந்துச்சான்னு" என்றேன். பாயைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னேன். மகள் மருமகனுக்கு ஹிந்தியில் சொல்ல, அவர்தான் மூடிக்குள் கைவிட்டுக் கழுகை எடுத்து நடுவில் வைத்தார்.

அன்றைக்கென்று வேட்டைக்காரன் சீக்கிரமே வந்தான். புலி போயிற்று. அடுத்துக் கழுகு போய்விடுமோ என்று கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் ஒரு சீட்டு போட்டாள். மருமகன் போட்டார். நான் போட்டேன். நாத்தனார் தன் சீட்டுகளை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"புவா ஜி, ஜல்தி" என்று அத்தையை அவசரப்படுத்தினார் மருமகன்.

"சும்ம இரும், மாப்ளே." என்னைப் பார்த்தாள். "எங்கண்ணன் எங்கிட்ட இத ஒரு வார்த்த சொன்னதில்லையே மதினி."

வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சீட்டுகளை விரித்துப் பார்த்தாள். பிறகு, "பொழச்சுப் போவட்டும்" என்று ஒரு சீட்டை வீசினாள். தண்ணீர்ச் சீட்டு.

டப்பாவோடு மகள் புனே போய்விட்டாள். அடுத்த ஞாயிறு நான் மட்டும் மாடியில் நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடித் துணியை எடுக்க நாத்தனார் படியேறி வந்தாள். பாதிப் படியிலேயே குரல் கேட்டது.

"என்ன மதினி, வந்துச்சா?"

மேலே வட்டமடித்த ஒன்றை நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன். "பருந்துதான்."