ஆளுக்கு ஒன்று கூட்டினார்கள்

கண் மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கை ஈரம் என்பதால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"நாலு நாளா கூட்டம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு மேடம். இன்னிக்கு ஒருத்தர்கூட வரல. டாக்டர் ஈ ஓட்டிட்டிருக்கார். உங்க ஆப்ல என்னதான் நடக்குது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணியின் கையிலிருந்த சட்டை தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெரியாத ஊரில் தொலைந்தாலும் யாரிடமும் வழி கேட்கமாட்டார், நடந்தே கண்டுபிடிப்பார். கம்ப்யூட்டரோடு மட்டும் வாய் ஓயாது. "ஏன்டா உயிரை வாங்கற?" என்று அவர் திட்டினால் வாசலில் நிற்பவர்கள் வீட்டில் குழந்தை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் முன்னறைதான் ஆபீஸ். நோயாளிகள் எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்று சொல்லும் ஆப் ஒன்றை அந்தக் கண் மருத்துவமனைக்காகச் செய்தோம். திரையில் தெரிவதையெல்லாம் அண்ணி ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவார். தேதிகளைச் சேமித்து நோயாளிகளுக்கு அனுப்பும் பின்பக்க வேலையை அண்ணன் பைத்தான் என்ற இன்னொரு மொழியில் எழுதுவார். நான் சோதித்துப் பார்ப்பவன்.

ஒரே மொழியில் எழுதலாம் என்றார் அண்ணன். எந்த மொழி என்பதில் வந்தது வினை. சண்டை முற்றி, முதுகோடு முதுகு ஒட்ட உட்கார்ந்தும் பேச்சுவார்த்தை இல்லை. "உங்க அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடு" என்பார் அண்ணி, கை நீட்டினால் தொடும் தூரத்திலிருந்து. ஆளுக்கொரு மொழி என்று முடிவானது அப்படித்தான்.

இதில் ஒரு சிக்கல். அண்ணியின் மொழி மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதற்கு ஜனவரி பூஜ்யம். அண்ணனுடையது நம்மைப் போல ஒன்றிலிருந்து எண்ணும். ஆகவே தேதிகள் முந்தைய மாதத்தில் போய் விழுந்தன. இரண்டு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் "பாத்துக்கறேன்" என்றார்கள். அண்ணி சரிசெய்தார், நான் சோதித்தேன், கச்சிதமாக இருந்தது. ஆப் மருத்துவமனைக்குப் போனது.

இப்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

"அண்ணி, நீங்க மாசத்தோட ஒண்ணு கூட்டியிருக்கீங்க. நான் சோதிச்ச பிறகு அண்ணனும் ஒண்ணு கூட்டியிருக்கார்."

ஒரே பாத்திரத்தில் இரண்டு பேர் உப்புப் போட்ட கதை. எல்லாருடைய தேதியும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

அண்ணி திரும்பினார். "நீங்க எதுக்குக் கை வச்சீங்க?"

"நீ சரி பண்ணிட்டேன்னு சொன்னியா?"

"நீங்க சொன்னீங்களா?"

அத்தனை நாளுக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இது. அது முடிவதற்குள் அண்ணியின் முகம் வெளுத்தது.

"ஐயோ, அப்பா!"

அண்ணியின் அப்பாவுக்கு விழித்திரையில் நீர் கோத்திருந்தது. அவருக்கும் அதே மருத்துவமனையில்தான் மாதாமாதம் கண்ணில் ஊசி. தவறினால் பார்வைக்கே ஆபத்து. நாங்கள் அவர் வீட்டுக்கு ஓடியபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதிரே இருந்த கதவையே பார்த்தார்.

"கதவு நிலை வளைஞ்சு வளைஞ்சு தெரியுதும்மா. மூணு நாளா இப்படித்தான்."

"அப்பவே ஏம்ப்பா ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"பக்கத்து வீட்டுக்காரரும் போகச் சொன்னார். நான்தான் கேக்கல. என் மக செஞ்ச ஆப், அதுல அடுத்த மாசம்னு போட்டிருக்கு, அது தப்பாகாதுன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் பேயறைந்தவர் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் கோபமாக வந்தது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். அண்ணியைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அன்றே ஊசி போட்டார்கள். போன பார்வையில் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

கண்ணில் கட்டோடு வெளியே வந்த மாமா, மகளின் கையைத் தடவித் தேடிப் பிடித்தார்.

"அழாதம்மா. கம்ப்யூட்டர்தானே தப்புப் பண்ணுச்சு, நீ என்ன பண்ணுவ?"

"கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணலப்பா," என்றார் அண்ணி. "நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல."